டியூபில் பால் குடித்த குழந்தையை வாயால் சாப்பிடப் பழக்குவது

ஒன்றரை வயதில் என் மகளுக்கு ஸ்பூனைக் கண்டாலே உமட்டும். அதில் உணவு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மேசையில் ஸ்பூனை வைக்கும் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பி உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

கர்ப்பத்தின் 27 வாரத்திலேயே பிறந்தவள் அவள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒரே தாளத்தில் செய்யும் திறன் பொதுவாக 34 வாரம் வாக்கில்தான் கூடிவரும். அதனால் முதல் மாதங்களில் மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் மெல்லிய டியூபில்தான் பால். எட்டாவது மாதத்தில் வயிற்றில் துளையிட்டு ஜி-டியூப் வைத்தார்கள். அதற்குள் அவள் வாயும் மூக்கும் என்னென்ன பட்டிருந்தன என்று பின்னால் எழுதிப் பார்த்தேன்: செயற்கைச் சுவாசக் குழாய், சளி உறிஞ்சும் குழாய், கசப்பு மருந்து, கன்னத்தில் ஒட்டி ஒட்டிப் பிய்த்த பிளாஸ்திரி. இதமான எதுவும் அந்த வாய்க்குள் போனதே இல்லை.

இது எனக்கு அப்போது புரியவில்லை. பிடிவாதம் என்று நினைத்தேன். பொம்மைப் படம் போட்டு, அவள் அதில் மூழ்கி வாயைத் திறக்கும் நேரம் பார்த்து ஸ்பூனைத் திணித்தேன். இரண்டு வாரம் ஒருவிதமாகப் போயிற்று. அதன் பிறகு படத்தைப் போட்டாலே வாந்தி எடுக்கத் தொடங்கினாள். அந்தப் பயத்தைக் கரைக்க நான்கு மாதம் ஆயிற்று. நீங்கள் அந்த நான்கு மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

டியூப் எதற்காக வைத்தார்கள், அந்தக் காரணம் இப்போதும் இருக்கிறதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இதயம், நுரையீரல், நரம்பு, உணவுக்குழாய் என்று ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கதை உண்டு. சில குழந்தைகளுக்கு டியூப் பல ஆண்டுகள் வேண்டியிருக்கும். அது யாருடைய தோல்வியும் இல்லை.

அடுத்தது, விழுங்குவது பாதுகாப்பாக இருக்கிறதா என்பது. சில குழந்தைகளுக்கு உணவோ திரவமோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமலே வராது. வெளியிலிருந்து பார்த்தால் சமர்த்தாக விழுங்குவதுபோல் இருக்கும். பிறகு அடிக்கடி நெஞ்சில் சளி கட்டும், காரணமில்லாமல் காய்ச்சல் வரும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்கும்போதே எக்ஸ்ரே வீடியோ எடுக்கும் பரிசோதனையில் இது தெரிந்துவிடும். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்க்கும் முறையும் உண்டு. என் மகளுக்கு எட்டு மாதத்தில் எடுத்த வீடியோவில் நீர்த்த திரவம் மூச்சுக்குழாய்க்குப் போவது தெரிந்தது. இருபது மாதத்தில் மறுபடி எடுத்தபோது கூழான உணவும் சற்றுக் கெட்டியான திரவமும் பாதுகாப்பாக இறங்கின. அந்த அறிக்கை கையில் வந்த பிறகுதான் நாங்கள் வேலையைத் தொடங்கினோம். அது இல்லாமல் வீட்டிலேயே தொடங்கிவிடாதீர்கள்.

எதிர்க்களிப்பும் (இரைப்பையில் உள்ளது மேலே ஏறி வருவது) மலச்சிக்கலும் இருந்தால் அவற்றுக்கு முதலில் மருந்து கேளுங்கள். நெஞ்செரிச்சலும் நிரம்பிய குடலுமாக இருக்கும் குழந்தைக்குப் பசி எடுக்காது. என் மகளுக்கு மலச்சிக்கல் சரியான வாரத்தில்தான் முதன்முதலாக என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

உங்களோடு யார் இருக்க வேண்டும்? குழந்தைகள் டாக்டர், விழுங்கல் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட், கலோரியைக் கணக்கிடும் உணவியல் நிபுணர். மூவரும் ஒரே திட்டத்தைப் பேச வேண்டும். எங்களுக்கு ஒரு கட்டத்தில் ஒருவர் "ஃபீடைக் (டியூபில் போகும் பாலை) குறையுங்கள்" என்றார், இன்னொருவர் "எடை போதாது, கூட்டுங்கள்" என்றார். ஒரே தாளில் எழுதி மூவரிடமும் காட்டிய பிறகுதான் குழப்பம் தீர்ந்தது.

கெட்டித்தன்மையை அளப்பது

"சற்றுக் கெட்டியாக" என்று சொன்னால் அம்மாவுக்கு ஒரு அளவு, அப்பாவுக்கு வேறொரு அளவு. அதற்காக உலகெங்கும் புழங்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது, பெயர் இட்சி (IDDSI). தண்ணீர் 0, வழக்கமான உணவு 7. இடையில் 4 என்பது கட்டியில்லாத மசியல்.

திரவத்தை அளக்க 10 மில்லி சிரிஞ்சு போதும். 0 முதல் 10 வரையிலான கோட்டின் நீளம் 61.5 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு நீளமுள்ள சிரிஞ்சு தவறான அளவு காட்டும். உள்தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 மில்லி வரை ஊற்றுங்கள். விரலை எடுத்து சரியாக 10 விநாடி ஒழுகவிட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் குறைவென்றால் நிலை 0. 1 முதல் 4 வரை என்றால் நிலை 1, 4 முதல் 8 வரை நிலை 2, அதற்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஒழுகினால் நிலை 3. என் மகளுக்குச் சொன்னது நிலை 2. சமையலறைச் சுவரில் இதை எழுதி ஒட்டியிருந்தோம். யார் கலக்கினாலும் ஒரே பதம் வந்தது. ஆற ஆறக் கெட்டிப்படும் என்பதால், கொடுக்கும் சூட்டிலேயே அளக்க வேண்டும்.

கெட்டியாக்கும் பொடியை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில பொடிகள் குறைமாதக் குழந்தைகளின் குடலுக்கு ஆகாது.

வாயின் பயம் போக

எங்களுக்கு அதிக நாள் பிடித்தது இந்தக் கட்டம்தான். இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் இரட்டிப்பாகச் செலவழிக்கிறார்கள், நான் செலவழித்ததுபோல.

முகத்திலிருந்து தொடங்கவில்லை. கை, தோள், கழுத்து, கன்னம் என்று மெல்ல வந்தோம். அவள் முகத்தைத் திருப்பினால் அங்கேயே நிறுத்தி, கையை அவள் பார்க்கும்படி கீழே வைத்துவிடுவேன். அவள் "வேண்டாம்" என்றால் உண்மையிலேயே நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவை நிறுத்தியிருப்பேன். மூன்றாவது வாரம் என் விரலைத் தானே பிடித்து ஈறில் வைத்துக்கொண்டாள்.

பல் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். வாயால் சாப்பிடாத குழந்தைகளுக்குப் பல்லில் காறை அதிகம் படியும். அழுக்கான எச்சில் மூச்சுக்குழாய்க்குப் போனால் நிமோனியாவுக்கு வழி. பிரஷ்ஷும் ஒரு பயிற்சிதான். அவள் கையில் ஒன்று, என் கையில் ஒன்று. முதலில் அவள் எனக்குத் துலக்குவாள்.

டியூபில் பால் இறங்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். முன்பெல்லாம் படுக்கையில் தூங்கும்போதே ஊற்றிவிடுவோம். அதை மாற்றி, எங்களோடு மேசையில் உட்காரவைத்தோம். அவள் முன்னால் ஒரு தட்டு, அதில் ஒரு கரண்டி பரங்கிக்காய் மசியல். சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது என்று வீட்டில் ஒப்பந்தம். வயிறு நிறைவதும் மேசையும் மணமும் ஒன்றாக அவள் மனதில் சேர வேண்டும், அவ்வளவுதான். முதல் நாட்களில் தட்டைத் தள்ளினாள். பதினோராம் நாள் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே என் புடவையில் துடைத்தாள். அன்று நான் நோட்டில் எழுதியது: "தொட்டாள்."

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எத்தனை ஸ்பூன் உள்ளே போயிற்று என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, பார்த்தாள், மோந்தாள், தொட்டாள், உதட்டில் வைத்தாள், நக்கினாள், துப்பினாள், விழுங்கினாள் என்று எழுதத் தொடங்கினேன். துப்புவதும் ஒரு படி. துப்பத் தெரிந்த குழந்தைக்குத்தான் புதிதாக ஒன்றை வாயில் வைத்துப் பார்க்கத் துணிவு வரும். ஒரே உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில குழந்தைகள் ருசி பார்ப்பார்கள். இரண்டு முறை தள்ளியதும் "இது பிடிக்கவில்லை" என்று கைவிட்டுவிடாதீர்கள்.

முகத்தில் ஒட்டியதை உடனுக்குடன் துடைக்க வேண்டாம். எனக்குக் கை பரபரக்கும். ஆனால் ஈரத்துணி அவளுக்குப் பழைய பிளாஸ்திரியை நினைவூட்டியது. சாப்பாடு முடிந்து ஒருமுறை துடைத்தால் போதும். மருந்தை உணவில் ஒளித்துக் கொடுப்பதும் கூடாது. டியூப் இருக்கிறது, மருந்து அதில் போகட்டும். உணவின் மேல் வந்த நம்பிக்கை ஒரே வாயில் போய்விடும்.

உட்காருவதும் ஸ்பூனும்

நாற்காலியில் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணமாக மடங்கியிருக்க வேண்டும். பாதம் தொங்கினால் உடல் தடுமாறும், தாடை இறுகும். காலுக்குக் கீழே அட்டைப்பெட்டி ஒன்றைத் துணி சுற்றி வைத்தேன்; அன்றே தலை ஆட்டம் குறைந்தது.

எதிரில், அவள் கண் மட்டத்தில் உட்காருங்கள். குழி குறைந்த தட்டையான சிறு ஸ்பூன் நல்லது. ஸ்பூனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்திக் காத்திருங்கள். அவள் முன்னால் சாய்ந்து வாய் திறந்தால் நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி வைத்து, உதடு மூடும் வரை பொறுத்து, நேராக வெளியே எடுங்கள். மேலுதட்டில் வழித்து விடாதீர்கள். வழித்தால் உதட்டுக்கு வேலையே இல்லாமல் போகிறது. வாய் திறக்காவிட்டால் ஸ்பூன் தட்டுக்குத் திரும்ப வேண்டும். இன்னொரு ஸ்பூன் எப்போதும் அவள் கையில் இருக்கட்டும்.

ஒரு வேளை 20 நிமிடம், மிஞ்சினால் 30. அதற்கு மேல் இழுத்தால் இருவருக்கும் களைப்புதான் மிஞ்சும்.

உமட்டலையும் அடைப்பையும் பிரித்தறியுங்கள். உமட்டலில் சத்தம் வரும், நாக்கு வெளியே தள்ளும், முகம் சிவக்கும், தானே சரியாகும். அப்போது நம் முகம் பதறக் கூடாது. மூச்சு அடைத்தால் சத்தமே வராது, இருமவும் முடியாது, உதடு நீலமாகும். அதற்கான முதலுதவியை நேரில் ஒருவரிடம் செய்து பழகிய பிறகே உணவைத் தொடங்குங்கள். ஒரு வயதுக்குக் கீழும் மேலும் முறை வேறு.

பசியை வரவழைப்பது

இருபத்திநான்கு மணி நேரமும் வயிறு நிறைந்திருந்தால் குழந்தை ஏன் சாப்பிட வேண்டும்? பயம் போன பிறகும் என் மகள் நக்குவதோடு நின்றதற்குக் காரணம் இதுதான்.

தொடக்கத்தில் அவள் எடை 9.2 கிலோ. ஒரு நாளைக்கு 180 மில்லி வீதம் ஐந்து ஃபீடு, மொத்தம் 900 மில்லி. அதில் இரண்டு இரவில் போய்க்கொண்டிருந்தன. உணவியல் நிபுணர் முதலில் செய்தது அளவைக் குறைப்பது அல்ல, நேரத்தை மாற்றுவது. இரவு ஃபீடுகளைப் படிப்படியாகப் பகலுக்குக் கொண்டுவந்தோம். சாப்பாட்டு நேரத்துக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்கும்படி இடைவெளி விட்டோம். சொட்டுச் சொட்டாக இயந்திரத்தில் இறங்கும் ஃபீடு என்றால் அதை வேளைக்கு வேளை மொத்தமாகக் கொடுப்பதாக மாற்றவே சில வாரம் ஆகும். அவசரப்பட்டால் வாந்தி வரும்.

பிறகுதான் குறைத்தல். நாங்கள் முதலில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தோம். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: குறைப்பது பாலின் கலோரியைத்தான், தண்ணீரை இல்லை. முதல் 10 கிலோ எடை வரை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லி திரவம் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அடிப்படைக் கணக்கு; என் மகளுக்கு அது சுமார் 900 மில்லி. குறைத்த பாலுக்கு ஈடாகத் தண்ணீர் டியூபிலேயே போனது. இதயம், சிறுநீரகக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான். சர்க்கரை குறைந்துவிடும் கோளாறுள்ள குழந்தைகளைப் பட்டினி இடைவெளிக்கே உட்படுத்தக் கூடாது.

எடை கொஞ்சம் இறங்கும். எவ்வளவு இறங்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சொன்ன எல்லை 5 சதவீதம், அதாவது 8.74 கிலோ. வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில், உடையில்லாமல். தினமும் எடை பார்க்காதீர்கள், தினமும் பார்த்தால் உங்கள் பதற்றம் அன்றைய மேசைக்கு வந்துவிடும். அவள் 8.9 வரை இறங்கினாள். அங்கேயே மூன்று வாரம் நின்றாள். அந்த மூன்று வாரம் எனக்குத் தூக்கமில்லை. அவளும் சிடுசிடுப்பாக இருந்தாள், காரணமில்லாமல் அழுதாள். பசி என்பது என்னவென்றே தெரியாத குழந்தைக்கு அது வயிற்றில் ஏதோ வலிபோலத்தான் இருந்திருக்கும். குறைத்த ஆறாம் நாள் மாலை, நான் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தபோது வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நசுக்கி ஸ்பூனில் வைத்தேன். இரண்டு வாய் விழுங்கினாள். எழுந்துபோய்க் குளியலறையில் அழுதேன்; அவள் முன்னால் அழுதால் அதையும் ஒரு பாரமாக எடுத்துக்கொள்வாளோ என்று.

எலின் சேட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த ஒரு வேலைப் பிரிவினை அந்த வாரங்களில் எங்களைத் தாங்கியது: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் வேலை, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பது வீட்டில் தடைசெய்யப்பட்ட வாக்கியமாயிற்று. பாராட்டிக் கைதட்டுவதையும் நிறுத்தினோம், அதுவும் ஒரு வகை நெருக்கடிதான். என் அம்மாவுக்கு இது கடினமாக இருந்தது. "குழந்தை வாடிப் போகுதேடி" என்பார். "அம்மா, நீங்க பக்கத்துல உக்காந்து உங்க தட்டுல சாப்பிடுங்க, அவ உங்களைத்தான் பாக்குறா" என்றேன். அதன்பின் மேசையில் அவர்தான் அவளுக்கு மிகவும் உதவினார்.

வாயால் அவள் எடுத்துக்கொள்ளும் அளவுக்கேற்ப டியூப் பாலை மேலும் குறைத்தோம். அளவு கூடாதபோது, போகிற கொஞ்சத்தில் கலோரியைக் கூட்டினோம்: மசியலில் வெண்ணெய், எண்ணெய், கொழுப்பு எடுக்காத தயிர்.

குடிப்பது, மெல்வது

குடிப்பது கடைசியில்தான் வந்தது. திரவம் வேகமாக ஓடும், வாய்க்கு யோசிக்க நேரம் கிடைக்காது. மருந்துக் கோப்பை அளவுள்ள சிறிய திறந்த கோப்பையில் 5 மில்லி மட்டும் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு வயது இரண்டு மாதத்தில் இன்னொரு வீடியோ பரிசோதனை எடுத்த பிறகே அவளுக்கு வெறும் தண்ணீர் கொடுத்தோம்.

மெல்வதற்கு உணவை முன்பல்லில் வைக்காமல், கடைவாயில், ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் வையுங்கள். எச்சிலில் கரையும் உணவு முதலில், விரல் நீளத்துக்கு வெட்டி வேகவைத்த காய்கறி அடுத்தது. முழுக் கொட்டைகளும் முழுத் திராட்சையும் வேண்டாம். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடாது.

பின்வாங்கும் நாட்கள்

சளி, காய்ச்சல், பல் முளைப்பது, எதுவும் எல்லாவற்றையும் கலைத்துப்போடும். ஒரு காய்ச்சலில் ஒன்பது நாள் முழுக்க டியூபுக்குத் திரும்பினோம். டியூப் அதற்குத்தான் இருக்கிறது. குணமானதும் விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழிருந்து தொடங்கினோம். பழைய இடத்தை ஒரு வாரத்தில் பிடித்துவிட்டாள்.

சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் களகளவென்று ஒலித்தால், சாப்பிடும்போது மூச்சு வாங்கினால், நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தால் வாயால் கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். 8 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், அன்றைக்கே பாருங்கள்.

டியூபை எடுப்பது

வாயால் நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் எடுத்துவிடத்தான் மனம் துடிக்கும். பொறுங்கள். மாதக்கணக்கில் டியூபில் எதையும் செலுத்தாமல் எடை ஏற வேண்டும், இடையில் வரும் காய்ச்சலையும் வாயாலேயே தாண்ட வேண்டும் என்றார் எங்கள் டாக்டர். அந்த மாதங்களிலும் டியூபைத் தினம் தண்ணீரால் கழுவி, சுற்றியுள்ள தோலைச் சுத்தமாக வைத்திருந்தோம். தானாகக் கழன்றால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும் என்பதால் மாற்று டியூபும் பையில் இருந்தது.

மூன்று வயதில் எடுத்தார்கள். முதல் சில நாள் துளையிலிருந்து கொஞ்சம் கசிந்தது. மடித்த பஞ்சுத்துணி வைத்துக் கட்டினோம், சாப்பிட்டதும் குனிய விடவில்லை. இரண்டாம் வாரம் காய்ந்து மூடிவிட்டது. சில குழந்தைகளுக்குத் தானாக மூடாது, சிறு தையல் போட வேண்டியிருக்கும். நீண்ட காலம் டியூப் இருந்திருந்தால் அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.